நந்தவனத்து எல்லையும் பூனையின் குற்றமும்

பூப்பாத்தி ஒன்றை வெட்டி, மண்ணைப் பொலபொலவென்று உடைத்து, மக்கிய எருவும் கொஞ்சம் ஆற்று மணலும் கலந்து, அதில் செவ்வந்தி நாற்றையோ மல்லிகைப் பதியனையோ ஊன்றுபவர், செடிக்கு இடம் அமைக்கும்போதே தெருப்பூனைக்கு வேண்டிய கழிப்பிடத்தையும் தம்மை அறியாமல் அமைத்துவிடுகிறார். வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வழிவந்த இந்த விலங்கு கழிவைப் புதைப்பதற்குத் தோதான இளமண்ணையே தேடும். ஊரெங்கும் சிமெண்டும் தாருமாக மூடிக் கிடக்கையில், புதிதாகக் கொத்திய பாத்தியைவிட அதற்கு உகந்த இடம் வேறில்லை. விடியலுக்கு முன் அது வரும். இரண்டு மூன்று இடங்களில் முகர்ந்து பார்த்து, முன்னங்காலால் மண்ணை வாரிப் பள்ளம் செய்து, வாலைச் சற்றே உயர்த்திக் குந்தி, காரியம் முடிந்ததும் திரும்பி நின்று மீண்டும் முகர்ந்து, நாற்றம் அடங்கும்வரை மண்ணை இழுத்து மூடிவிட்டுப் போகும். காலையில் பூவாளியோடு வருபவர் கண்ணில் படுவன, வேர் வெயிலில் காயச் சாய்ந்து கிடக்கும் நான்கைந்து நாற்றுகள். நடந்தது குற்றமா, குற்றமென்றால் யாருடையது, அதைத் தடுப்பவர் எதுவரை செல்லலாம் என்னும் வினாக்கள் பார்வைக்கு அற்பமானவை. ஆயினும் உயிருக்கு ஊறு, உடைமை, தெய்வப்பணி ஆகிய மூன்றைப் பற்றியும் சமயங்கள் நெடுங்காலம் எண்ணி வந்தவற்றை அவை ஒரு முழ மண்ணில் கொண்டுவந்து நிறுத்துகின்றன.

எல்லை என்னும் கருத்திலிருந்து தொடங்குவது தகும். பூனைக்கு எல்லை தெரியாது என்று சொல்வது வழக்கம்; அது பிழை. கன்னத்தைத் தூணில் உரசியும், சிறுநீரைத் தெளித்தும், ஒன்று நடக்கும் வழியில் மற்றொன்று எந்நேரம் நடப்பது என்பதைக்கூட மணத்தால் பங்கிட்டுக்கொண்டும், அது தன் நிலத்தை மனிதருக்குக் குறையாத கவனத்தோடு அளந்து வைத்திருக்கிறது. அந்த அளவைக்கும் பத்திரப்பதிவில் உள்ள அளவைக்கும் பொருத்தம் இல்லை என்பதே சிக்கல். முடிவெடுக்காமல் தயங்குபவரை மதில்மேல் பூனை என்று தமிழ் வழக்கு சொல்கிறது. மதிலை இரு பக்கங்களைப் பிரிக்கும் கோடாக மட்டுமே பார்க்கும் மனிதக் கண்ணுக்குத்தான் அது தயக்கமாகத் தோன்றுகிறது, பூனைக்கோ மதில் நடைபாதை. இரண்டு அளவைகளும் ஒரே நிலத்தின்மேல் கிடக்க, அவ்விரண்டும் உள்ளன என்பதை அறியக்கூடியவர் மனிதர் ஒருவரே. அறிந்தவர்மீதே கடமை விழும் என்பது அறநூல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான அடிப்படையாகையால், பாத்தியில் நேர்ந்ததற்கான பொறுப்பைப் பூனையின் தலையில் ஏற்றுவது எளிதன்று.

பூவை வெறும் உடைமையாகக் கொண்டால் விவாதம் இங்கேயே முடிந்துவிடும். தமிழ்நாட்டில் பூ அவ்வாறு கருதப்பட்டதில்லை. கோயில் வழிபாட்டுக்கென்றே பூச்செடி வளர்க்கும் தோட்டத்துக்கு நந்தவனம் என்று பெயர். அங்கே செடி பேணிப் பூத்தொடுத்துக் கொடுப்பதை வைணவர் புஷ்ப கைங்கரியம், அதாவது மலர்த்தொண்டு, என்பர். பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்திலும் செய்தது இப்பணியே. ஆண்டாள் கண்டெடுக்கப்பட்டதும் அத்தகைய நந்தவனத்துத் துளசியின் அடியில்தான். பிறர் முகர்ந்த பூ, புழு அரித்த பூ, தரையில் விழுந்த பூ ஆகியவை பூசைக்கு ஆகா என்ற கட்டுப்பாடு இந்தத் தொண்டோடு இணைந்தது. திருவாரூர்க் கோயிலில் பூ ஒன்றை எடுத்து முகர்ந்ததற்காகப் பல்லவ அரசன் கழற்சிங்கனின் தேவியுடைய மூக்கைச் செருத்துணை நாயனார் அறுத்தார் என்று பெரியபுராணம் சொல்வதிலிருந்து, அக்கட்டுப்பாடு எவ்வளவு கடுமையாக எண்ணப்பட்டது என்பது தெரியும். தரையில் விழுந்தும் விலக்குப் பெறாத பூ பவழமல்லி. இரவில் பூத்து விடியலில் உதிரும் அதனை ஏந்துவதற்காக மரத்தடியில் வேட்டியை விரித்து வைப்பவர்கள் உண்டு. அந்த வேட்டியின் நடுவில் பூனையொன்று சுருண்டு படுத்திருந்தால் எழும் சினத்தில், சொத்தைப் பற்றிய கவலைக்கு மேலாக வேறொன்றும் கலந்திருக்கிறது. தெய்வத்துக்குரிய பூவைக் கெடுக்கும் விலங்கைத் துன்புறுத்தலாமா என்பதே கேள்வியின் கடினமான வடிவம். அதற்கு விடை கிட்டினால் வீட்டுத் தோட்டத்துக்கு விடை தானாகவே வந்துவிடும்.

இக்கடினமான வடிவத்தைப் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டிலேயே எறிபத்த நாயனார் வரலாற்றில் எடுத்துக்கொண்டார். கருவூரில், மகாநவமிக்கு முந்தைய நாள், முதியவரான சிவகாமியாண்டார் இறைவனுக்குப் பறித்த பூக்களைக் கூடையில் இட்டுக் கோலில் தூக்கிவருகையில், புகழ்ச்சோழரின் பட்டத்து யானை மதம்கொண்டு ஓடிவந்து கூடையைப் பறித்துப் பூவைச் சிதறியடித்தது. பின்தொடர்ந்து ஓட மாட்டாமல் தரையில் விழுந்து அழுத முதியவரின் குரலைக் கேட்டு வந்த எறிபத்தர், கையிலிருந்த மழுவால் யானையை வெட்டினார். குத்துக்கோற்காரர் மூவரையும் மேலிருந்த பாகர் இருவரையும் வெட்டினார். படையோடு வந்த அரசர் நடந்ததைக் கேட்டதும், இந்தப் பிழைக்கு யானையும் பாகரும் மடிந்தது போதாது, யானைக்கு உடையவனான தன்னையும் கொல்ல வேண்டும் என்று வாளை நீட்டினார். வாங்காவிட்டால் அரசர் தம்மையே மாய்த்துக்கொள்வார் என்று அஞ்சி அதனை வாங்கிய எறிபத்தர், இத்தகைய அன்பருக்குத் துன்பம் விளைத்தவன் தானே எனக் கண்டு, அவ்வாளைத் தம் கழுத்தில் பூட்டினார். அப்போது வானில் ஒரு குரல் எழுந்தது. யானையும் பாகரும் உயிர்பெற்று எழுந்தனர். சிதறிய பூவும் கூடையில் நிறைந்தது.

இக்கதை மழுவைப் பழிக்கிறது என்று சொல்வது நேர்மையாகாது. எறிபத்தர் அறுபத்து மூவரில் ஒருவர். அடியார்க்கு இடையூறு செய்தோரைத் தண்டிப்பதே அவருடைய தொண்டு. இருந்தும் கதை போகும் திசையைக் கவனித்தால், குற்றம் யானையில் நிற்கவில்லை. அதைக் கட்டுப்படுத்தத் தவறிய பாகருக்கு ஏறுகிறது. அவரிடமிருந்து அவரை ஏவிய உடையவருக்கு ஏறுகிறது. கடைசியில் தண்டித்தவரின் கழுத்துக்கே வந்துவிடுகிறது. முதல் வெட்டு விழுந்தபின் எந்த இடத்தில் நிறுத்துவது என்பதற்கு மனிதர் எவரிடமும் விடை இல்லாமற்போக, வானத்துக் குரல் வேண்டியதாயிற்று. யானைக்குப் பாகனும் உடையவனும் இருந்தனர். தெருப்பூனைக்கு அவ்விருவருமே இல்லை. ஒரு வீட்டில் மீன் தலையும் மறு வீட்டில் பாலும் மூன்றாம் வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் படுக்கையும் பெறும் விலங்குக்கு உடையவர் யார் என்று கேட்டால் தெருவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நந்தவனத்துக்காரரின் சினம் மேலே ஏற வழியின்றிப் பூனையின் முதுகிலேயே இறங்குவதற்கு இதுவே காரணம்.

விலங்கைக் குற்றவாளியாக நிறுத்தும் வழக்கமும் உலகில் இருந்திருக்கிறது. பிரான்சின் பலேஸ் நகரில் 1386இல் பன்றி ஒன்று குழந்தையைக் கொன்றதற்காக முறைப்படி தண்டனை பெற்றுத் தூக்கிலிடப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் பர்த்தலோமி சாசனே என்னும் வழக்கறிஞர், பயிரை அழித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட எலிகளின் சார்பில் வாதாடுகையில், வழியெல்லாம் பூனைகள் காத்திருப்பதால்தான் தம் கட்சிக்காரர்களால் நீதிமன்றத்துக்கு வர இயலவில்லை என்று சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது. தமிழ் மரபு விலங்கை நீதிமன்றத்தில் ஏற்றியது வேறு வாசல் வழியாக. திருவாரூரில் கன்றை இழந்த பசு மணியடித்து முறையிட, மகன் மீது தேரை ஊர்ந்த மனுநீதிச் சோழனின் அவையில் விலங்கு வழக்குத் தொடுப்பதாக வந்தது. குற்றக்கூண்டில் நின்றவன் மனிதன்.

இதன் பின்னால் உயிர்களைப் பற்றிய ஒரு கோட்பாடு இருக்கிறது. தொல்காப்பிய மரபியல், தொடுவுணர்வு மட்டும் உடைய புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று தொடங்கிப் புலன் ஒவ்வொன்றாகக் கூட்டி விலங்கை ஐயறிவில் வைத்து, மனம் என்னும் ஆறாம் அறிவை மக்களுக்கு உரியதாக்குகிறது. விலங்குப் பிறவி பழவினையின் பயனை நுகர்வதற்கே உரியது, புதிதாக அறமும் மறமும் ஈட்டுவது மனிதப் பிறவியில்தான் என்பதும் பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்து. இந்த ஏணியை மனிதரின் உயர்வுக்குச் சான்றாகக் காட்டுவோர் பலர். அதே ஏணி, மேலே நிற்பவர் மீதே பொறுப்பு முழுவதையும் வைக்கிறது என்பதைச் சொல்வோர் குறைவு.

பூனையைப் பொறுத்தவரை, வழக்கு தொடங்குமுன்பே மொழி தீர்ப்பு எழுதிவிட்டது. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்ற சொலவடை வஞ்சகனைக் குறிப்பது. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்றும் கங்கையின் வருகை என்றும் அழைக்கப்படும் பல்லவர்காலப் பாறைச் சிற்பத்தில், தவசியைப் போலவே முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கி நின்றபடி பூனையொன்று தவம் செய்ய, அதன் காலடியில் எலிகள் அஞ்சாமல் திரிகின்றன. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் வரும் போலித் தவப் பூனையின் கதை அது. வேடத்துறவுக்கு வடமொழியில் வழங்கும் பிடால விரதம் என்ற தொடருக்குப் பூனை நோன்பு என்பதே பொருள். எலியைத் தின்னத் தவவேடம் போட வேண்டிய தேவை எந்தப் பூனைக்கும் இருந்ததில்லை. மனிதத் துறவியின் கள்ளத்தை ஏற்க ஒரு முகம் வேண்டியிருந்தது, பூனையின் முகம் கிடைத்தது. வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கும் தெய்வமான சஷ்டிக்குப் பூனையே ஊர்தி. அவளுக்குரிய விரதக் கதையில், தானே உண்ட பலகாரத்துக்குப் பூனைமேல் பழி போட்ட மருமகள், பெற்ற பிள்ளைகளை ஒவ்வொருவராக இழக்கிறாள். அவ்வூர் மக்கள் பழியின் மறுபக்கத்தையும் யோசித்திருக்கிறார்கள் போலும்.

தமிழ் வைணவமோ பூனையை அருளுக்கே உவமையாக்கியது. தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைப்போல உயிரும் முயன்று பற்ற வேண்டும் என்பது மர்க்கட நியாயம். எந்த முயற்சியும் இன்றிக் கிடக்கும் குட்டியைத் தாய்ப்பூனை வாயால் கவ்விச் செல்வதுபோல இறைவன் காப்பான் என்பது மார்ச்சால நியாயம். முன்னதை வடகலையாரும் பின்னதைத் தென்கலையாரும் ஏற்றதாகச் சொல்வது மரபு. எலியின் கழுத்தை முறிக்கும் அதே பல், குட்டியின் பிடரியில் தழும்பின்றிப் பதிவதைக் கண்டவர்களால்தான் இந்த உவமையைக் கண்டிருக்க முடியும். முல்லையின் அரும்பைச் சிரிக்கும் காட்டுப்பூனையின் வாயோடு ஒப்பிட்ட குறுந்தொகைப் புலவர் ஒக்கூர் மாசாத்தியாரும் அத்தகைய கண் உடையவரே. குறுந்தொகைக் காலத்தில் பூவும் பூனையும் பகையாகவில்லை.

தடுப்பவர் எதுவரை செல்லலாம் என்பதைச் சமணர்களைப்போல நுணுகி ஆராய்ந்தவர்கள் அரியர். துறவிக்கு முழுக் கொல்லாமையை விதித்த அவர்கள், இல்லறத்தாருக்காக இம்சையை, அதாவது உயிருக்கு இழைக்கும் ஊறை, நால்வகையாகப் பிரித்தனர்: வேண்டுமென்றே செய்வது சங்கல்பி, சமையல் முதலிய வீட்டுவேலையில் நேர்வது ஆரம்பி, உழவு முதலிய தொழிலில் நேர்வது உத்யோகி, தாக்க வருபவரை எதிர்ப்பதில் நேர்வது விரோதி. முதலாவதை இல்லறத்தார் அறவே விலக்க வேண்டும். ஏனையவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். களைக்கொத்தியால் பாத்தியைக் கிளறும்போது அறுபடும் மண்புழு, பூனையின் நகத்தில் சாகும் உயிர்களைவிட எண்ணிக்கையில் அதிகம் என்பதைத் தோட்டக்காரர் மறக்கலாகாது. அது தொழிலில் நேர்வது என்று பொறுக்கப்படுகிறது. பூனைமேல் எறியும் கல்லை விரோதி இம்சை என்று வாதிடலாமா? நாற்றைச் சாய்க்கும் பூனை யாரையும் தாக்க வரவில்லை. ஆதலால் அந்தக் கல் முதல் வகையிலேயே விழும். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் கொல்லாமை நோன்புக்கு ஐந்து இழுக்குகளைக் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகைச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். பூனையைக் கோணிப்பையில் கட்டி, ஊர்தாண்டிய மீன்சந்தையில் விட்டுவரும் பழக்கம் இந்தப் பட்டியலில் முதலாவதையும் கடைசியையும் ஒருசேரத் தொடுகிறது. பாச்சை உருண்டையைப் பாத்தியில் புதைப்பவர், அதன் நாப்தலின் பூனையின் இரத்த அணுக்களையும் ஈரலையும் கெடுக்கும் நஞ்சு என்பதை அறிவதில்லை. மிளகாய்ப்பொடி தூவுபவர், பூனை பாதத்தை நக்கித் துடைத்து அதே பாதத்தால் முகத்தையும் துடைக்கும் என்பதை எண்ணுவதில்லை. இரண்டும் வீட்டு வைத்தியம்போலக் கைமாறி வருவதால் எவருக்கும் கொடுமையாகத் தோன்றாதது வருந்தத்தக்கது.

இஸ்லாமிய மரபு இதே வினாவைத் தூய்மையின் பக்கமிருந்து அணுகியது. நபித்தோழர் அபூ கத்தாதா தொழுகைக்கு முன் கைகால் கழுவ மருமகள் கப்ஷா நீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, பூனையொன்று பாத்திரத்தருகே வந்தது. அவர் அது குடிப்பதற்கு வசதியாகப் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார். வியந்து பார்த்த மருமகளிடம், பூனை அசுத்தமானதன்று, உங்களிடையே சுற்றிவருவோரில் அதுவும் ஒன்று என்று நபிகள் சொன்னதைத் தெரிவித்தார் என அபூதாவூதின் ஹதீஸ் தொகுப்பு கூறுகிறது. சுற்றிவருவோர் என்ற அந்தச் சொல்லாட்சி கவனிக்கத்தக்கது. உடையவரும் இல்லை, விருந்தாளியும் இல்லை, அத்துமீறியவரும் இல்லை; தெருப்பூனையின் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லைச் சட்டநூல்கள்கூடக் கண்டுபிடிக்கவில்லை. பூனையைக் கட்டிவைத்து உணவும் கொடாமல், தானே இரைதேடவும் விடாமல் சாகவிட்ட பெண் நரகத்துக்கு உரியவளானாள் என்ற ஹதீஸும் உண்டு. ஆனால் சட்ட வல்லுநர்கள், பூனை வாய்வைத்த நீரைத் தூயதென்றவர்கள், அதன் கழிவை அவ்வாறு சொல்லவில்லை. விலங்கை ஏற்பதும் கழிவை விலக்குவதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

கழிவை அஞ்சுவதற்குக் காரணமும் உண்டு. டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியின் முட்டை போன்ற உறைகள் பூனையின் கழிவில் வெளியேறும். கருவுற்ற பெண்ணுக்கு முதன்முறையாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கக்கூடிய அவ்வுறைகள், வெளிவந்த உடனே தொற்றுவதில்லை, அதற்கு 1 முதல் 5 நாள் ஆகும். ஈரமண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கையுறையோடு நாள்தோறும் அள்ளி அகற்றுவது வீண்வேலையன்று. சட்டத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை: 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பூனைக்கும் பொருந்தும், விலங்குக்கு நஞ்சிடுவதையும் கொல்வதையும் 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு 5 ஆண்டுவரை சிறைக்குரிய குற்றமாக்குகிறது.

மனிதரின் எல்லையைப் பூனையின் புலனுக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்வது ஒன்றே எஞ்சும் வழி. அதற்கான வேலை முழுவதும் மண்ணில்தான். நாற்று நடும்போதே கோழிக்கம்பி வலையைப் படுக்கையாக விரித்து அதன்மேல் மெல்லிதாக மண்ணிட்டால், தோண்ட வரும் கால் வலையில் இடறித் திரும்பும். தேங்காய் மட்டைத் துண்டுகளால் கனமான மூடாக்கு இடலாம். செடிகளை நெருக்கி நட்டு வெறும் மண் தெரியாமல் செய்வதும், மாலையில் நீர் தெளித்து மண்ணை ஈரமாக வைப்பதும் பயன் தரும், உலர்ந்த மண்ணையே பூனை விரும்பும் என்பதால். இலந்தை முள்ளையோ ரோஜாவைக் கவாத்து செய்த குச்சிகளையோ பாத்திமேல் பரப்புவது பழைய முறை. அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும்படி மேலே கிடக்கும் முள் ஓர் அறிவிப்பு. இலைக்கடியில் மறைத்துவைத்த முள் ஒரு பொறி. ஒன்று விலங்கின் அறிவை மதிக்கிறது, மற்றது அதன் அறியாமையைப் பயன்படுத்துகிறது. அறத்தின் கோடு ஒரே முள்ளை இரண்டாகப் பிளந்து செல்வதை இங்கே காணலாம். இவற்றோடு தோட்டத்தின் ஒதுக்குப்புறத்தில், மழை படாத இடத்தில், இரண்டு சாண் ஆழம் உலர்மணல் கொட்டிவைத்து, பூனை முன்பு அசுத்தம் செய்த மண்ணில் ஒரு பிடியை அதன்மேல் போட்டால், அது பெரும்பாலும் இடம் மாறிக்கொள்ளும். மணலைக் காலைதோறும் அள்ளிச் சுத்தம் செய்யும் வேலை தோட்டக்காரருக்கு வந்து சேரும். அதைப் பலர் தண்டனையாகவே கருதுவர். தெருவில் சோறு வைப்பவர் கருத்தடைச் செலவையும் ஏற்றால் அந்த வேலை பாதியாகக் குறையும், ஆனால் இரக்கம் கிண்ணத்தோடு நின்றுவிடுவதே பெரும்பாலும் காணும் நிலை.

நந்தவனத்தில் புகுந்த அந்நியரைக் கையோடு பிடித்த ஒருவரின் கதை திருமலையில் வழங்குகிறது. இராமானுசரின் ஆணையால் அங்கே ஏரியும் பூந்தோட்டமும் அமைத்த அனந்தாழ்வான், ஏரிக்கு மண் சுமந்த தம் கருவுற்ற மனைவிக்கு அழையாமல் உதவவந்த சிறுவன்மீது சினந்து கடப்பாறையை எறிய, அது அவன் முகவாயில் பட்டது. மறுநாள் சன்னிதியில் மூர்த்தியின் முகவாயில் குருதி கண்டார்கள் என்பர். பிறகு இரவுதோறும் யாரோ வந்து பாத்திகளைச் சிதைத்துப் பூவைப் பறித்துப் போவதைக் கண்டு அவர் மறைந்திருந்தார். ஓர் ஆணும் பெண்ணும் வந்தனர். பெண்ணைப் பிடித்துச் சண்பக மரத்தில் கட்டிப்போட்டார், ஆணோ கோயிலை இடமாகச் சுற்றி ஓடி மறைந்தான். விடிந்ததும் திருமகளைக் காணவில்லை என்று கோயிலில் தேடினார்கள். முகவாயில் பச்சைக் கற்பூரம் சாத்துவது இன்றும் நடக்கிறது. கடப்பாறை மகாதுவாரத்தின் சுவரில் தொங்குகிறது. பிரமோற்சவம் முடிந்த மறுநாள், பாக் சவாரி என்ற பெயரில், பெருமாள் வழக்கமான வலம் விட்டு இடமாகச் சுற்றி அனந்தாழ்வானின் தோட்டத்துக்கு எழுந்தருளித் திரும்புகிறார்.